கடையில் வெடிக்கும், காட்டில் வெடிக்காது

வேலையை விட்டு நின்ற பிறகு என்னை யாரும் எதற்கும் தேட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியில் மண் விழுந்து கொஞ்ச நாளாகிறது. அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில் இனிமேல் கேப்புச் சரக்கு எடுக்கப் போவதில்லையாம். மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியை லைசென்ஸோடு வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். அவர்களுக்காக இந்த வம்பு எதற்கு என்று சின்ன முதலாளி முடிவு செய்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அந்த ஒருவர் இருவரும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள்.

"அண்ணே, நம்பிப் போடுற மாதிரி எந்தக் கேப்புண்ணே நல்லது? இருக்கிறப்பவே வாங்கி வச்சுக்கிறலாம்னு பாக்கேன்."

போன வாரம் காரியாபட்டிக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் லைன் போய்விட்டது என்று நினைத்து, அலோ அலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். லைன் போகவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. வாழ்நாளில் பாதிக்கு மேல் கேப்பு விற்றவன், எது நல்ல கேப்பு என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறேன். என் மனைவிக்கு இதில் ஒரே சிரிப்பு. "இதுக்குத்தான் இத்தன வருசமா டிபன் கேரியரத் தூக்கிட்டுப் போனீகளாக்கும்" என்கிறாள்.

கேப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செம்புத் தகட்டில் செய்த குட்டித் தொப்பி அது, துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதன் உள்ளே, அடியில், தட்டினால் வெடிக்கிற மருந்தைப் பூசியிருப்பார்கள். நாட்டுத் துப்பாக்கியில் குழாயின் பின்பக்கம் ஒரு சின்ன முளை நீட்டிக்கொண்டிருக்கும். நிப்பிள் என்போம். அதன் நடுவே ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. நிப்பிளின் தலையில் கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால், குதிரை என்று நாங்கள் சொல்கிற சுத்தியல் வந்து கேப்பின் மேல் அடிக்கும். கேப்பு வெடித்து, அந்தத் தீ துளை வழியாகக் குழாய்க்குள் இறங்கி, அங்கே கெட்டித்து வைத்திருக்கிற கருமருந்தைப் பற்றவைக்கும். ஆக, வெடிப்பது இரண்டு முறை. முதலில் கேப்பு, பிறகு துப்பாக்கி. கேட்கிறவர் காதுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். என் குழப்பமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

நான் தறிக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு. விசைத்தறிச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்து, வெடிச்சத்தம் விற்கிற கடையில் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை, எனக்கும்தான். பெருக்கினேன், ஷட்டர் தூக்கினேன், குழாய்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தேன், ஏர்கன்னுக்கு ஸ்பிரிங் மாட்டினேன். அப்புறம் ஒரு நாள் கேப்பு மேசை என் பொறுப்புக்கு வந்தது.

பெரிய முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார், மேசையில் துப்பாக்கி இருக்கும்வரை நாற்காலியில் உட்காரமாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "அண்ணாச்சி, நாளைக்கு லீவு வேணும்" என்றால் "நாளைக்கு என்ன கெழம?" என்பார். அவ்வளவுதான். லீவு உண்டா இல்லையா என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழம்பிப்போய் மறுநாள் கடைக்கு வந்து நின்றால், "லீவுன்னீயே?" என்று கேட்பார். அவர் என்மேல் பிரியமாக இருந்தாரா இல்லையா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. பிரியமாக இருந்தார் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேப்பு வாங்க வருகிறவரைத் துப்பாக்கியோடு வரச் சொல்லுவார். செருப்புக் கடைக்குக் காலை விட்டுவிட்டா போவோம் என்பது அவர் கணக்கு. அதையும் கேள்வியாகத்தான் கேட்பார்: "காலு வரலியா?" புதிதாக வந்தவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

துப்பாக்கி வந்ததும் முதல் கேள்வி, "கெட்டிச்சிருக்கா?" இல்லை என்று அவர் ஊர்த் தலையாரியே வந்து சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். கம்பியைக் குழாய்க்குள் விட்டு, அடிவரைக்கும் போகிறதா என்று வெளியே வைத்து அளந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கேப்பு. டப்பாவில் மேலாக இருப்பதை மட்டும் எடுக்கக் கூடாது. நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுக்க வேண்டும். வெளிச்சத்தில் உள்பக்கம் பார்க்க வேண்டும். பூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும், உதிர்ந்திருக்கக் கூடாது, பச்சைக் களிம்பு ஏறியிருக்கக் கூடாது. வெளியே பளபளவென்று மின்னுவதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு விரலால் நிப்பிளில் அழுத்தி மாட்டுவார். விரல் பலத்திலேயே அடிவரை போய் உட்கார வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழவும் கூடாது. இறுக்கமாக இருந்தால் குதிரையின் முதல் அடி கேப்பை உள்ளே தள்ளுவதற்கே சரியாகப் போய்விடும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். ஜனங்கள் அதைச் சொத்தைக் கேப்பு என்று திட்டுவார்கள். தளர்ந்திருந்தால் வழியிலேயே எங்காவது விழுந்துவிடும். அப்படித் தளர்ந்ததைப் பல்லில் கடித்து நெளித்து மாட்டுகிறவர்கள் உண்டு. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு நான் பார்த்தது அவர்களை மட்டும்தான். "பல்லு முளைக்குமாய்யா திரும்ப?" என்பார்.

கடைசியாகக் கடையின் பின்கட்டுக்குப் போவோம். தரையில் தறிக்கூடத்துப் பஞ்சு கொஞ்சம் பிய்த்துப் போடுவேன். வெறும் துப்பாக்கியில் கேப்பை மட்டும் மாட்டி, குழாயின் வாயைப் பஞ்சுக்கு நேரே வைத்து அடிப்பார். பஞ்சு பறந்தால் தீப்போகும் வழி சுத்தம். பறக்காவிட்டால் துளையைக் கம்பியால் குத்திவிட்டு மறுபடியும் அடிப்பார். இன்னொன்றும் உண்டு. மருந்து கெட்டித்த துப்பாக்கியில் கேப்பு மட்டும் வெடித்துத் துப்பாக்கி வெடிக்காவிட்டால், குழாய் வானத்தைப் பார்த்தபடி அப்படியே நிற்க வேண்டும். அசையக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கலாம். அண்ணாச்சி "ம்" என்கிறவரைக்கும் கடையே மூச்சு விடாது.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கேப்புதான் சோலையப்பனுக்குக் கொடுத்ததும்.

சோலையப்பனுக்குத் திருச்சுழி தாண்டி ஓடைக்கரையில் நிலம். மக்காச்சோளம் போட்டிருந்தான். ஓடை முழுக்கக் கருவேலங்காடு, காடு முழுக்கக் காட்டுப்பன்றி. முந்தின வருஷம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கூட்டமாக இறங்கி, மிச்சம் மீதி இல்லாமல் உழுதுவிட்டுப் போய்விட்டன. இந்த வருஷமும் அப்படிப் போனால் நிலத்தைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விடுவது என்று முடிவோடு இருந்தான். அப்பாவிடமிருந்து லைசென்ஸோடு வந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றுதான் அவனுக்குத் துணை. பன்றியைச் சுடுவதற்கில்லை. ரவை போடாமல் மருந்தும் கந்தல்துணியும் மட்டும் கெட்டித்து, வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் காட்டினால் போதும், ஓடிவிடும்.

ஐப்பசி மழை பிடித்த கையோடு கடைக்கு வந்தான்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்கிறாதீக. நீங்க குடுத்த கேப்பு சரியில்ல. டப்புங்குது, அதோட சரி. துப்பாக்கி வெடிக்க மாட்டேங்குது. பன்னி நின்னு என்னையப் பாத்துட்டுத் திரும்பத் திங்கிதுண்ணே."

மழைக்காலம், ஈரம் ஏறியிருக்கும் என்று வேறு டப்பா கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தான். அதே கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் டப்பாவிலிருந்தே பாலவனத்தத்துக் கடலைக்காட்டுக்காரர் ஒருவரும் வாங்கிப் போயிருந்தார். அவரைக் கேட்டால், "ஒண்ணுகூடத் தப்பல. அதே கேப்பு இன்னும் இருந்தாக் குடுங்க" என்கிறார். ஒரே டப்பா, ஒரே மழை. அங்கே வெடிக்கிறது, இங்கே வெடிக்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "கேப்பு வெடிக்கலையா, துப்பாக்கி வெடிக்கலையா?" என்று கேட்டார்.

"துப்பாக்கிதான் அண்ணாச்சி."

"அப்ப ஏன் கேப்ப மாத்துற?"

சரி என்று சோலையப்பனைத் துப்பாக்கியோடு வரச் சொன்னோம். சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். பிரித்துப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது துப்பாக்கி. கம்பி சுத்தமாகப் போய் சுத்தமாக வந்தது. பின்கட்டில் அடித்தோம், பஞ்சு பறந்து சுவரில் ஒட்டியது. கேப்பும் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். காட்டில் வெடிக்கவில்லையாம். கடையில் இந்த முறை மருந்தும் கெட்டித்து அடித்தோம், துப்பாக்கியே வெடித்தது. கொண்டுபோனான், வெடிக்கவில்லை.

மருந்தைச் சந்தேகப்பட்டேன். அதே மருந்தைத் தனியாக ஒரு சிட்டிகை கொளுத்திப் பார்த்தால் புஸ்ஸென்று எரிகிறது. இவன் கெட்டிக்கிற விதத்தைச் சந்தேகப்பட்டேன். என் முன்னால் கெட்டித்துக் காட்டினான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் யாரோ செய்வினை என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கிருந்த குழப்பத்தில் அதுவும் இருக்குமோ என்று யோசித்தேன். என் கையால் கொடுத்த கேப்பை நம்பி ஒருத்தன் வெள்ளாமையைப் பறிகொடுக்கப் போகிறான் என்ற பயம் வேறு.

"இப்ப என்ன அண்ணாச்சி செய்ய?" என்று கேட்டேன்.

"திருச்சுழிக்குப் பஸ்ஸு இல்லையா?" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே கிளம்பினேன். திருச்சுழியில் சோலையப்பன் வண்டியோடு காத்திருந்தான். அவன் வீடு நிலத்தை ஒட்டியே இருந்தது. மனைவி இருளாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வாங்கண்ணே, நீங்களாவது இவுகளுக்கு ஒரு வழி சொல்லுங்க. பன்னியவிட இவுக முழிக்கிற முழியத்தான் பாக்க முடியல" என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் காட்டுக்குக் கிளம்பினோம். "இருங்க" என்று சொல்லி இருளாயி உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் எடுத்துவந்தாள். துப்பாக்கியைக் கிழக்குப் பார்த்துச் சுவரில் சாய்த்து வைத்து, விபூதி போட்டு, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போன வருஷம் விளைச்சல் போனதிலிருந்து தினமும் இப்படித்தான் என்று சோலையப்பன் நடக்கும்போது சொன்னான். நல்ல பழக்கம் என்றேன். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், புத்தியில் ஒன்றும் ஏறவில்லை.

வரப்பில் நின்று கெட்டித்தான். மருந்து, கந்தல், கம்பியால் இடி, எல்லாம் முறைப்படி. நிப்பிளைத் துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டுக் கேப்பை அழுத்தி மாட்டினான். சரியாக உட்கார்ந்தது, நானே தொட்டுப் பார்த்தேன். கருவேலத்துக்குள் உறுமல் கேட்டது, சோளத்தட்டை முறிகிற சத்தமும் கேட்டது. சோலையப்பன் குழாயை வானத்துக்கு உயர்த்தி விசையை இழுத்தான்.

டப். அவ்வளவுதான்.

"பாத்தீகளாண்ணே?" என்று என் பக்கம் திரும்பினான். கோபத்தில் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் டங்கென்று ஊன்றி, இதற்குள் என்னதான் இருக்கிறது என்பதுபோலக் குழாயின் வாய்க்கு மேலே குனிந்தான்.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. பாய்ந்து குழாயைப் பிடித்து வெளிப்பக்கம் தள்ளினேன். தள்ளிய கை குழாயில் இருக்கும்போதே வெடித்தது. நெருப்பு அவன் காதோரமாகப் போனது. ரவை இல்லைதான், ஆனாலும் முகத்துக்கு நேரே போயிருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும். புகை கலைந்தபோது அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் ஒரு பக்கம் பொசுங்கி நாறியது. நானும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலிருந்து இருளாயி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். புருஷன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதாள்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் துப்பாக்கியை மடியில் வைத்து, திருகுசாவி போட்டு நிப்பிளைக் கழற்றினேன். கொண்டுபோயிருந்த கம்பியைத் துளையில் விட்டுச் சுழற்றி எடுத்தேன். மஞ்சளும் கருப்புமாகப் பசைபோல ஒன்று வந்தது. மோந்து பார்த்தேன். வெடிமருந்து நாற்றத்துக்கு நடுவில் சந்தனம் மணத்தது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தினமும் நிப்பிளின் தலையில் பொட்டு. மேலே இருந்ததைத் துண்டால் துடைத்துவிடுவான், துளைக்குள் போனது உள்ளேயே இருக்கும். கேப்பின் தீ போக வழியில்லை. போனாலும் ஆற அமரப் போகும்.

"கடைக்குக் கொண்டாரப்ப மட்டும் எப்படிய்யா சுத்தமா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நாலு பேரு பாக்கிற எடத்துக்கு அழுக்கா எடுத்துட்டு வரலாமாண்ணே? சுடுதண்ணி ஊத்திக் கழுவி, ஊதிக் காயவச்சுல்ல கொண்டாருவேன்" என்றான்.

ஆயுத பூஜைக்குக் கடையில் தராசு முதல் ஷட்டர் வரை பொட்டு வைக்கிற அண்ணாச்சி, துப்பாக்கிகளுக்கு மட்டும் வைக்காமல் அவை நிற்கிற மர ஸ்டாண்டுக்கு வைப்பார். கருமித்தனம் என்று நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒரு கேள்விதான் வந்திருக்கும்.

இருளாயியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவள் நிப்பிளையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இனிமே பொட்டு வைக்கக் கூடாதாண்ணே?"

"வைக்கலாம் தங்கச்சி. இங்ஙன வேண்டாம். கட்டையில வையி."

"கட்டையா சுடுது? நெருப்பு நிக்கிற எடத்துலதான வைக்கணும்? இவுகளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான வச்சேன்."

சோலையப்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

நிப்பிளைத் துடைத்து மாட்டினேன். கம்பியில் வந்த சந்தனத்தை அண்ணாச்சியிடம் காட்டலாம் என்று ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டேன். சோலையப்பன் மறுபடி கெட்டித்தான். அதே டப்பாவிலிருந்து அடுத்த கேப்பு. விசையைத் தொட்டானோ இல்லையோ, ஓடைக்கரையே அதிர்ந்தது. கருவேலங்காட்டுக்குள் தடதடவென்று ஓட்டம். சோலையப்பன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். அந்த வருஷம் சோளம் முழுசாக வீடு வந்து சேர்ந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது.

இருளாயி சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"அந்தப் பொட்டலத்தக் குடுங்கண்ணே."

கொடுத்தேன். பிரித்து, கரி படிந்த அந்தச் சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, முதலில் புருஷன் நெற்றியில் வைத்தாள். "கண்ணுக்குப் பக்கத்துல போன நெருப்பு கண்ணத் தொடலியே. இது உள்ள இருந்ததுனாலதான்" என்றாள்.

இது உள்ளே இருந்ததால்தான் தாயி அந்த நெருப்பே அப்படி வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மிச்சச் சந்தனத்தோடு என் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் சொல்வது சரியா, நான் சொல்ல வந்தது சரியா என்று அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.